எழும்பாத டிராலி ஜாக்கியை எழுப்புவது: முழுமையான வழிகாட்டி

பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில், வண்டியைத் தூக்கும் பழைய ஹைட்ராலிக் ஜாக்கி பார்க்கப் போகிறவர் முதலில் கைப்பிடியை நாலு தடவை அடித்துப் பார்ப்பார். எழும்பினால் பேரம் ஆரம்பிக்கும். எழும்பாவிட்டால் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார். எனக்கு எழும்பாத ஜாக்கிதான் பிடிக்கும், ஏனென்றால் அதைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். பிரித்துப் பார்த்தால் கோளாறு பல நேரம் ஒரு துளி அழுக்கு, தேய்ந்த ஒரு ஸ்டீல் குண்டு, ஊதிப்போன ஒரு வாஷர், அவ்வளவுதான். இரும்பு நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். இரும்பு போயிருந்தால் எவ்வளவு செலவழித்தாலும் தேறாது. அதனால் ஜாக்கியை வாங்குவதா வேண்டாமா என்பதைக் கைப்பிடியை வைத்து முடிவு செய்யாதீர்கள். ராமையும் (பாரத்தைத் தள்ளும் உருளைத் தண்டு) பம்ப் பாடியையும் பாருங்கள்.

நான் கடைசியாகச் செய்தது நீளச் சட்டமும் நாலு இரும்புச் சக்கரமும் கொண்ட ஒரு கனமான டிராலி ஜாக்கி. பெயர்ப் பட்டை எப்போதோ உதிர்ந்துவிட்டது. ஐந்து டன் என்று கடைக்காரர் சொன்னார். இரண்டு பேர் சேர்ந்து தூக்கிக் குட்டியானையில் ஏற்றினோம். அதை வைத்தே சொல்கிறேன். பாட்டில் ஜாக்கிக்கும் உள்ளே இருப்பது இதே அமைப்புதான், சட்டமும் சக்கரமும் மட்டும் இருக்காது.

உள்ளே நடப்பது என்ன

கைப்பிடியைத் தூக்கினால் பிளஞ்சர் என்கிற ஒரு சின்னத் தண்டு வெளியே வந்து டாங்கியிலிருந்து ஆயிலை உறிஞ்சும். அந்த வழியில் ஒரு ஸ்டீல் குண்டு உண்டு. உறிஞ்சும்போது திறக்கும், அமுக்கும்போது மூடிக்கொள்ளும். கைப்பிடியை அமுக்கினால் ஆயில் இரண்டாவது குண்டைத் தள்ளிக்கொண்டு பெரிய சிலிண்டருக்குள் போகும். போன ஆயில் திரும்பாதபடி அந்தக் குண்டு வாயை அடைத்துக்கொள்ளும். ராம் படுக்கைவாட்டில் நகர்ந்து தூக்கும் கையை நிமிர்த்தும். ரிலீஸ் வால்வைத் திறந்தால் ஆயில் டாங்கிக்குத் திரும்பிவிடும். இதோடு, தாங்க முடியாத பாரம் வந்தால் ஆயிலைத் திருப்பி விடும் ஓவர்லோடு வால்வு ஒன்று இருக்கும். 1851-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டட்ஜன் ஹைட்ராலிக் ஜாக்கிக்குக் காப்புரிமை வாங்கினார். அடிப்படை இன்றும் அதுதான்.

அழுத்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டால் பின்னால் சொல்லப்போகும் சுத்தம், துல்லியம் எல்லாம் எதற்கு என்று புரியும். என் ஜாக்கியின் ராம் 2 அங்குலம், பிளஞ்சர் அரை அங்குலம். பரப்பளவில் ராம் 16 மடங்கு பெரியது. தூக்கும் கையின் நீளத்தால், மேலே 2 டன் இருந்தால் ராமின் மேல் ஏறக்குறைய 8 டன் விழும் என்று வையுங்கள். ராமின் பரப்பு 20 சதுர செ.மீ.க்குக் கொஞ்சம் அதிகம். அப்படியானால் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் ஏறக்குறைய 400 கிலோ. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 கிலோதான். 400 கிலோ அழுத்தத்துக்குத் தலைமுடிக் கீறலும் பெரிய வாய்க்கால்.

கடையிலேயே பார்க்க வேண்டியது

ஒரு துணி, ஒரு டார்ச். முதலில் தூக்கும் கையை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு, ராமின் தெரிகிற பகுதியைத் துடைத்துவிட்டு நகத்தால் வருடுங்கள். நகம் மாட்டாத லேசான கறை பரவாயில்லை. புள்ளி புள்ளியாகக் குழி விழுந்து நகம் மாட்டினால் அந்த ராமை லேத்தில் கடைந்து ஹார்டு குரோம் போட வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் செய்து தருவார்கள், ஆனால் அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

அடுத்து பம்ப் பாடி. வார்ப்பிரும்பில் வெல்டிங் அடித்த தடம் தெரிந்தால் பேச்சே வேண்டாம், வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அந்த அழுத்தத்தில் ஒட்டு நிற்கும் என்று நம்பி வண்டிக்கு அடியில் கையை நீட்ட முடியாது. தூக்கும் கையின் வெல்டு ஓரங்களில் விரிசல் இருக்கிறதா, சட்டம் முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். தரையில் வைத்தால் நாலு சக்கரமும் பட வேண்டும். சக்கரம் துருப்பிடித்துச் சுற்றாமல் இருப்பது, கைப்பிடி வளைந்திருப்பது, ஆயில் சொட்டுவது எல்லாம் பயப்பட வேண்டாத விஷயங்கள். விலையைக் குறைக்க அவற்றைத் தாராளமாகச் சுட்டிக்காட்டலாம்.

பிரிக்கும் முன் கேட்டுப் பாருங்கள்

வீட்டுக்கு வந்ததும் ஸ்பேனரை எடுக்காதீர்கள். ஃபில்லர் மூடியை, அதாவது ஆயில் ஊற்றும் துளையின் மூடியைத் திறந்து ஆயிலைப் பாருங்கள். என்னுடையதில் பால் கலந்த காப்பி மாதிரி இருந்தது. தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். விரலில் தொட்டுத் தேய்த்தால் வழவழப்பு குறைவாகவும் வேறு ஒரு நெடியும் இருந்தது. யாரோ பிரேக் ஆயில் ஊற்றியிருக்கிறார்கள். ஜாக்கிகளை நான் கண்டவரை அதிகம் கெடுப்பது இந்தப் பிரேக் ஆயில்தான். அது கிளைக்கால் வகைத் திரவம், ஜாக்கியில் இருக்கும் நைட்ரைல் ரப்பரை ஊத வைத்துவிடும். ஊதின ரப்பர் கொஞ்ச நாள் இறுக்கிப் பிடிக்கும். ‘பிரேக் ஆயில் ஊற்றினதும் சரியாகிவிட்டது’ என்று சிலர் சொல்வது அதனால்தான். பிறகு ரப்பர் பிய்ந்து குண்டுகளுக்கு அடியில் போய் உட்காரும்.

புது ஆயில் கொஞ்சம் ஊற்றி, ரிலீஸ் வால்வை மூடி, சின்னப் பாரம் ஒன்றை வைத்து அடித்துப் பாருங்கள். கைப்பிடி கனமே இல்லாமல் தொளதொளவென்று போய் வந்தால், உறிஞ்சும் பக்கத்துக் குண்டு மூடவில்லை அல்லது உள்ளே காற்று. ஸ்பிரிங் மாதிரி துள்ளித் துள்ளி எழும்பினால் நிச்சயம் காற்று. அமுக்கிவிட்டுக் கையை எடுத்ததும் கைப்பிடி தானாகவே மேலே எழும்பி வந்தால், சிலிண்டருக்குப் போகும் வழியில் உள்ள குண்டு கசிகிறது. சிலிண்டரில் இருக்கிற அழுத்தம் திரும்பி வந்து பிளஞ்சரைத் தள்ளுகிறது. இது கொஞ்சம் ஆபத்தானதும்கூட, கைப்பிடிக்கு மேலே முகத்தை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். கைப்பிடி அசையாமல் பாரம் மட்டும் மெல்ல இறங்கி, வெளியே ஒரு சொட்டும் இல்லை என்றால் ரிலீஸ் வால்வின் இருக்கையைச் சந்தேகப்படுங்கள். ராமின் வாயில் ஆயில் வழிந்தால், அங்கே ஆயிலை அடைத்து நிறுத்தும் பெரிய சீல் போயிருக்கிறது.

கசிவை விரலால் தடவித் தேடவே கூடாது. ஊசிமுனைக் கசிவு தோலைத் துளைத்து ஆயிலை உள்ளே செலுத்திவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். ஒரு அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள், போதும்.

பிரிப்பது

தூக்கும் கையை முழுக்க இறக்கி, ரிலீஸ் வால்வைத் திறந்து வையுங்கள். கையைக் கீழே இழுக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங்குகள் அப்போதுதான் குறைந்த இழுவையில் இருக்கும். குறைந்தது என்றாலும் விரலை நசுக்கப் போதும். கெட்டியான கயிற்றை ஸ்பிரிங்கின் கொக்கியில் மாட்டி இழுத்துக் கழற்றுங்கள், முகத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் கை மூட்டின் பின், ரிலீஸ் கம்பியின் இணைப்பு, பாடியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். துருவேறிய போல்ட்டை முறுக்கி உடைக்காமல், முந்தைய நாள் ராத்திரியே துரு இளக்கும் ஆயில் அடித்து வைத்தால் வேலை பாதியாகும்.

ஆயிலை வடித்துவிட்டு பாடியை வைஸில் மரக்கட்டை வைத்துப் பிடியுங்கள். சிலிண்டரின் வாயில் உள்ள பெரிய நட்டுதான் முரண்டு பிடிக்கும். இரண்டடி பைப் ரிஞ்ச், அதற்கு மேலே ஒரு குழாய்த் துண்டு. அசையாவிட்டால் சுற்றிலும் கொஞ்சம் சூடு காட்டலாம். ஆனால் ஆயில் முழுக்க வடிந்து, ஃபில்லர் மூடியும் ரிலீஸ் வால்வும் திறந்திருந்தால் மட்டுமே. மூடிய சிலிண்டரைச் சூடாக்குவது வெடி வைப்பதற்குச் சமம்.

ராம் உள்ளே சிக்கிக்கொண்டால் கம்ப்ரசர் காற்றை விட்டுத் தள்ளும் ஆசை வரும். வேண்டாம். விடுபடும் கணத்தில் அது பீரங்கிக் குண்டு போலப் பாயும். கிரீஸ் கன் முனையைப் பொருத்தி கிரீஸை ஏற்றினால் நிதானமாக வெளியே வரும். கழுவுகிற வேலை கூடும், அவ்வளவுதான்.

பாடியில் இருக்கும் குண்டுகள், அவற்றின் மேல் உள்ள சின்ன ஸ்பிரிங்குகள், பிளக் திருகுகள், இவை எந்தத் துளையிலிருந்து வந்தன என்பது குழம்பினால் கதை கந்தல். முதல் தடவை நான் ஒரு குண்டைத் தரையில் தவறவிட்டு, அரை நாள் பெஞ்சுக்கு அடியில் காந்தத்தோடு தவழ்ந்தேன். அதற்குப் பிறகு வீட்டில் ஒதுக்கிப் போட்ட இட்லித் தட்டு ஒன்றைப் பட்டறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். குழிக்கு ஒரு வால்வு: குண்டு, ஸ்பிரிங், திருகு என்று கழற்றின வரிசையில். துளையுள்ள இட்லித் தட்டு உதவாது, மூடின குழியாக இருக்க வேண்டும்.

ஓவர்லோடு வால்வை மட்டும் தொடாதீர்கள். திருகின் தலையில் பெயின்ட்டோ மெழுகோ அடைத்து வைத்திருப்பார்கள். எவ்வளவு பாரத்தில் அது திறக்க வேண்டும் என்று தொழிற்சாலையில் அழுத்தமானி வைத்து அமைத்தது அது. ‘இன்னும் கொஞ்சம் தூக்கட்டும்’ என்று அதை இறுக்கினால் உடையப்போவது தூக்கும் கை.

கழுவுவதும் அளப்பதும்

டீசலில் ஊறவைத்துக் கழுவுங்கள். ஒவ்வொரு துளைக்குள்ளும் ஊதி, ஒரு பக்கம் ஊதினால் மறுபக்கம் காற்று வருகிறதா என்று பாருங்கள். துடைப்பதற்கு நூல் வேஸ்ட்டை எடுக்காதீர்கள். அதிலிருந்து வரும் ஒரு இழை குண்டுக்கு அடியில் போய் உட்கார்ந்தால், எல்லாம் சேர்த்த பிறகு மறுபடி பிரிக்க வேண்டியதுதான். பனியன் வேஸ்ட் பரவாயில்லை. உள்பக்கத்துக்கு எதையும் விடாமல், சுத்தமான ஆயிலால் அலசிவிடுவதே மேல்.

ராமில் லேசான துருக்கறை இருந்தால் 600, பிறகு 1000 எண் எமரித் தாளை ஆயிலில் நனைத்துத் தேயுங்கள். தேய்க்கும் திசை முக்கியம். ராமைச் சுற்றித் தேய்க்க வேண்டும். நீளவாக்கில் தேய்த்தால் விழும் கோடுகள் ஆயிலுக்கு நேர்வழி போட்டுக் கொடுக்கும். சிலிண்டரின் உள்சுவரில் லேசான கறை என்றால் பிரேக் சிலிண்டருக்கு விடும் ஹோன் என்கிற தேய்ப்புக் கருவியை ஆயிலோடு நாலு சுற்று விட்டால் போதும்.

இனி அளவு. இதில்தான் நான் ஒரு தடவை ஏமாந்தேன். ஊதிப்போன பழைய சீலை எடுத்துக்கொண்டு போய், பாரிமுனைப் பக்கத்துக் கடையில் அதே அளவில் ஒன்று கேட்டு வாங்கிவந்தேன். உள்ளேயே போகவில்லை. பழைய ரப்பர் ஊதியிருக்கும் அல்லது சப்பையாகியிருக்கும், அதை அளப்பதில் அர்த்தமில்லை. வெர்னியரால் இரும்பை அளக்க வேண்டும்: சிலிண்டரின் உள்விட்டம், ராமின் விட்டம், சீல் உட்காரும் பள்ளத்தின் ஆழம், அகலம். ராம் 50.8 என்று வந்தது. 50.8 மி.மீ. என்றால் சரியாக 2 அங்குலம். பிளஞ்சர் 12.7, அரை அங்குலம். ஆக இது அங்குலக் கணக்கில் செய்த ஜாக்கி. பழைய பிரிட்டிஷ், அமெரிக்க ஜாக்கிகளும் அவற்றைப் பார்த்து இங்கே செய்தவையும் இப்படி இருக்கும். 50 மி.மீ. சீலை இதில் திணித்துப் பார்க்காதீர்கள்.

குண்டும் அதன் இருக்கையும்

வேலையின் உயிர் இங்கேதான். டார்ச் அடித்து, முடிந்தால் பூதக்கண்ணாடி வைத்து, குண்டு உட்காரும் இருக்கையைப் பாருங்கள். மெல்லிய பளபளப்பான ஒரு வட்டக் கோடு முழுதாகத் தெரிய வேண்டும். அந்த வட்டம் ஓரிடத்தில் அறுந்திருந்தாலோ, துருப் புள்ளி குறுக்கே இருந்தாலோ அங்கேதான் கசிவு.

குண்டுகளைப் பழையதைத் துடைத்துப் போடாமல் புதிதாகவே போடுங்கள். கால் அங்குலக் குண்டும் அதைவிடச் சின்னதான 3/16 அங்குலக் குண்டும் சைக்கிள் கடையிலேயே கிடைக்கும், ஹப்பில் போடுகிற அதே பால்ஸ்தான். தரம் நிச்சயமாக வேண்டுமென்றால் பேரிங் கடை. அளவு மட்டும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

இருக்கையைச் செப்பனிட, புதுக் குண்டு ஒன்றை அதன் இடத்தில் வையுங்கள். அதன் மேல் பித்தளைக் கம்பி ஒன்றை நேராக நிறுத்துங்கள். சின்னச் சுத்தியலால் ஒரே அடி, டக் என்று. ஆணி அடிக்கிற அடி வேண்டாம். குண்டின் உருவம் இருக்கையில் மெலிதாகப் பதிந்து புது வட்டக் கோடு கிடைக்கும். அடி வாங்கின குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, இன்னொரு புதுக் குண்டைப் போடுங்கள். சோதிக்க, குண்டை உட்காரவைத்து மேலே கொஞ்சம் டீசல் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். அடியில் ஈரம் தெரியக் கூடாது. ரிலீஸ் வால்வின் முனை குண்டாக இருந்தால் இதே வைத்தியம். கூம்பு முனையாக இருந்து அதில் பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்து முனையை மட்டும் லேசாகக் கடைந்து வாங்குங்கள்.

சீல் விஷயம்

என் ஜாக்கியின் ராமில் இருந்தது தோல் வாஷர். தெருக் கைப்பம்பில் போடும் பக்கெட் வாஷர் மாதிரியே கிண்ண வடிவம். 1795-இல் லண்டனில் ஜோசப் பிராமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். அழுத்தம் ஏற ஏறத் தானே விரிந்து இறுக்கிக்கொள்ளும் தோல் வாஷரை அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே செய்ததாகச் சொல்வார்கள். அந்த யோசனையைத்தான் இன்றைய யு-கப் (கிண்ண வடிவ சீல்) பாலியூரித்தேன் பிளாஸ்டிக்கில் செய்கிறது. புதுத் தோல் வாஷர் கிடைத்தால் ஹைட்ராலிக் ஆயிலில் ஒரு ராத்திரி ஊறவைத்துப் போடலாம், குறை சொல்ல முடியாது. நான் 2 அங்குல பாலியூரித்தேன் யு-கப்பே போட்டேன். பழைய வாஷரைவிட உயரம் குறைவு என்பதால் லேத்தில் ஒரு வளையம் கடைந்து அடியில் கொடுத்தேன்.

கிண்ணத்தின் வாய் எப்போதும் அழுத்தம் வரும் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஒரு கிலோவைக்கூடத் தூக்காது. ஓ-ரிங் உள்ள இடத்தில், அழுத்தம் வராத பக்கமாக ஒரு டெஃப்லான் பேக்கப் ரிங்கும் இருந்திருந்தால் அதையும் மறக்காமல் போடுங்கள். இல்லாவிட்டால் ஓ-ரிங் இடுக்கில் பிதுங்கி அறுந்துவிடும்.

சேர்ப்பது

எல்லாவற்றையும் ஆயிலில் நனைத்துச் சேருங்கள். யு-கப் மரையைத் தாண்டிப் போகும்போதுதான் உதடு கிழியும். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலின் பிளாஸ்டிக்கை வெட்டிச் சுருட்டி மரையின் மேல் உறையாக வைத்து, அதன் வழியே சீலை நுழைத்துவிட்டு உறையை உருவிக்கொள்ளுங்கள். பிளக் திருகுகளின் அடியில் உள்ள செம்பு வாஷரைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகிவிடும், மறுபடி பயன்படுத்தலாம். மரைகளில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். பிய்ந்த துணுக்கு நேராகக் குண்டுக்குத்தான் போகும்.

ஆயில், ஐஎஸ்ஓ விஜி 32 ஹைட்ராலிக் ஆயில். சர்வோ சிஸ்டம் 32 மாதிரி எது கிடைத்தாலும் சரி. எஞ்சின் ஆயிலுக்குப் பிசுப்பு அதிகம், ஜாக்கி மெதுவாக இறங்கும். ராம் முழுக்க உள்ளே இருக்கும் நிலையில் ஃபில்லர் துளையின் கீழ் விளிம்புவரை ஊற்றுங்கள். ராமை நீட்டி வைத்துக்கொண்டு ஊற்றினால், அது திரும்பும்போது இடமில்லாமல் ஆயில் கக்கும்.

பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும். ரிலீஸ் வால்வைத் திறந்துவைத்துக் கைப்பிடியைப் பதினைந்து தடவை வேகமாக அடியுங்கள். மூடிவிட்டு, பாரமில்லாமல் கையை உச்சிவரை ஏற்றி இறக்குங்கள். ஃபில்லரைத் திறந்து குமிழி அடங்க விட்டு, குறைந்ததை ஊற்றுங்கள். துள்ளல் போகும்வரை இதையே மூன்று நாலு தடவை செய்ய வேண்டியிருக்கும்.

பாரம் வைத்துப் பார்ப்பது

முதல் தூக்கு வண்டியின் ஒரு மூலை மட்டும், அதுவும் சமமான சிமென்ட் தரையில். தூக்கியதும் அச்சுக்கு ஒரு விரல்கடை கீழே ஸ்டாண்டு வைத்துவிடுங்கள். ஜாக்கி கைவிட்டால் வண்டி அந்த ஒரு விரல்கடைதான் இறங்கும். இந்தச் சோதனை முடியும்வரை மட்டுமல்ல, எந்த ஜாக்கியானாலும் ஸ்டாண்டு கொடுக்காமல் அடியில் போகக் கூடாது. ஸ்கேலை நிறுத்தி, தூக்கும் கைக்கு நேராக சாக்பீஸால் கோடு போடுங்கள். பத்து நிமிடம், ஒரு மணி நேரம் என்று பாருங்கள். அப்புறம் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

என்னுடையது ஒரு மணி நேரத்தில் அசையவில்லை. ராத்திரி முழுக்க விட்டதில் 2 மி.மீ. இறங்கியிருந்தது. மறுபடி பிரித்து ரிலீஸ் இருக்கையைப் பார்க்கலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். தூக்கி ஸ்டாண்டு வைக்க ஐந்து நிமிடம் போதும், அந்த ஐந்து நிமிடத்தில் அசையாத ஜாக்கிக்கு இதற்கு மேல் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நீங்கள் செய்வது பத்து நிமிடத்திலேயே கண்ணுக்குத் தெரிய இறங்கினால் விடாதீர்கள், பிரிக்க வேண்டியதுதான்.

பெயின்ட் கடைசியில்தான். கம்பி பிரஷ், ரெட் ஆக்சைடு, மேலே எனாமல். ராமிலும் மூட்டுகளிலும் படாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், சக்கர அச்சுகளுக்குக் கிரீஸ் ஏற்றுங்கள். காய்ந்த பிறகு பக்கத்தில் தாங்கும் பாரத்தை எழுதவேண்டி வந்தது. பட்டை இல்லை, ஐந்து டன் என்பது கடைக்காரர் வாய்ச்சொல், நான் வைத்துப் பார்த்த பாரமோ அவ்வளவு இல்லை. வெள்ளைப் பெயின்ட்டில் ‘2 டன்’ என்று எழுதினேன்.